டி7200: போகஸ் பாயிண்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கூந்தன்குளத்தில் எடுத்த 412 படத்தில் 30 கூடத் தேறவில்லை

கொக்கிரகுளம் | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் ஒரு நிக்கான் டி7200 பாடியும் 200-500 எஃப்5.6 லென்ஸும் பழசாக வாங்கினேன். அதுவரை போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று விடியும் முன்பே பைக்கில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விட்டேன். கூழைக்கடாக்கள் குளத்துக்கும் ஊர் மரங்களுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தன. வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் தலைக்கு மேல் ஒன்று தாழ்ந்து வந்து மரத்தில் இறங்கியது. அதைத் தொடர்ச்சியாக 14 படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் அந்த 14-லும் மரக்கிளைதான் கூர்மையாக இருக்கிறது. பறவை பஞ்சு மாதிரி. மொத்தம் 412 படம் எடுத்ததில் தேறியது 30 இருக்குமா என்று சந்தேகம்.

இது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்க, காது குத்திய நொடியில் அவள் முகம் கோணுவதை 50 எம்எம் லென்ஸில் எடுத்தேன். போகஸ் முன்னால் இருந்த தாம்பாளத்து வாழைப்பழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்.

செட்டிங்: ஏஎஃப்-ஏ, ஆட்டோ ஏரியா. 51 பாயிண்டையும், அதாவது பிரேமில் போகஸ் பிடிக்கக்கூடிய 51 இடங்களையும், கேமராவிடமே விட்டுவிட்டேன். பறவைக்கு ஷட்டர் 1/2000, திறப்பு எஃப்5.6. கை நடுக்கம் இல்லை, ஏனென்றால் கிளை அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. நீங்களெல்லாம் எத்தனை பாயிண்ட் வைத்து எடுக்கிறீர்கள்?

நாங்குநேரி வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, கேமராவில் பழுது இல்லை. ஆட்டோ ஏரியாவில் விட்டால் 51 பாயிண்டில் எதில் போகஸ் நிற்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். அது பெரும்பாலும் உங்களுக்கு மிக அருகில் இருப்பதையோ, வெளிச்சமும் இருளும் பளிச்சென்று வெட்டிக்கொள்ளும் இடத்தையோதான் பிடிக்கும். வாழைப்பழம் பிள்ளையை விட உங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. வானத்துக்கு எதிரே கறுப்பாக நிற்கும் கிளையைப் போல வெட்டு வேறெதில் கிடைக்கும்? கேமரா அதன் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். போகஸ் எப்போது நடக்க வேண்டும் என்பது ஒரு செட்டிங். எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பது இன்னொரு செட்டிங். உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஏஎஃப்-எம் என்று ஒரு சின்ன நெம்பி இருக்கிறது, அதன் நடுவில் ஒரு பட்டன். அதை அமுக்கிக்கொண்டு பின்பக்கச் சக்கரத்தைச் சுற்றினால் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-ஏ, ஏஎஃப்-சி மாறும். ஏஎஃப்-எஸ் ஒரு தடவை பிடித்ததும் அங்கேயே நின்றுவிடும். முன்பக்கச் சக்கரத்தைச் சுற்றினால் சிங்கிள், டைனமிக் 9, 21, 51, 3டி, ஆட்டோ என்று மாறும். பறவைக்கு ஏஎஃப்-சி வைத்துவிடுங்கள். அப்போதுதான் பட்டனை அமுக்கியிருக்கும் வரை போகஸ் தொடர்ந்து ஓடும். ஏஎஃப்-ஏ என்பது நிற்கிறதா நகர்கிறதா என்று கேமராவையே ஊகிக்கச் சொல்வது. உட்கார்ந்திருந்த நாரை சட்டென்று எழும்போது அந்த ஊகம் தாமதமாகிவிடும்.

எத்தனை பாயிண்ட் என்று கேட்டீர்கள். நான் எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. பறவையைச் சுற்றி என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். குளத்துக்கு மேலே வெறும் வானத்தில் வருகிறதென்றால் டைனமிக் 21 வைப்பேன். உங்களுக்குக் கை இன்னும் பழகவில்லை என்றால் 51 கூட வைக்கலாம், ஏனென்றால் வானத்தில் வேறெதையும் பிடிக்க வழியில்லை. அதே பறவை ஊருக்குள் திரும்பி மரத்தை நெருங்கும்போது 9-க்கு வந்துவிடுவேன். கூட்டில் உட்கார்ந்ததும் ஒரே பாயிண்ட், கண்ணில். ஒரே பறவைக்கு ஒரு நிமிஷத்துக்குள் மூன்று செட்டிங். பட்டனையும் சக்கரத்தையும் பார்க்காமல் திருப்பக் கை பழகிவிட்டால் இது பெரிய வேலை இல்லை.

டைனமிக் என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 21 வைத்தாலும் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு பாயிண்ட்தான் தலைவன். பறவை அதிலிருந்து நழுவினால் மட்டும் சுற்றியுள்ளவை கைகொடுக்கும். அதனால் தொடக்கத்தில் அந்த ஒரு பாயிண்ட் பறவையின் மேல் விழுந்தாக வேண்டும்.

இன்னொன்று. கூட்டுப் படத்துக்காக மரத்தடிக்குப் போய் நிற்காதீர்கள். வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். அது எழுந்துவிட்டால் குஞ்சு வெந்துபோகும். 500 எம்எம் இருக்கிறதே, தள்ளியே நில்லுங்கள்.

பாளை ஸ்டூடியோ | திங்கள், காலை 7.40

சார் சொல்வது பறவைக்குச் சரி. நான் 18 வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன். இப்போது கேனான் 80டி, 45 பாயிண்ட். அதில் நான் தொடுவது நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும்தான். நடுப் பாயிண்டை மணப்பெண் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிரேமை நகர்த்தி எடுத்துவிடுவேன். தாலி கட்டும்போது ஐயர் கை, மாமனார் கை, நாத்தனார் கை, மேலே அட்சதை, நாதஸ்வரச் சத்தம். அந்த நேரத்தில் பாயிண்டை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தால் முடிச்சு விழுந்து முடிந்துவிடும்.

கொக்கிரகுளம் தம்பி, காதுகுத்துக்கு இப்படி எடுத்திருந்தால் வாழைப்பழம் குறுக்கே வந்திருக்காது. ஏஎஃப்-எஸ், நடுப் பாயிண்ட், முடிந்தது.

அம்பை மழை | திங்கள், காலை 8.15

நான் கல்லூரியில் படிக்கிறேன். கேனான் 1500டி, பாடியோடு வந்த 18-55 லென்ஸ். எனக்கு மொத்தமே 9 பாயிண்ட்தான். 51, 45 என்று நீங்கள் பேசுவதைப் பார்த்தால், இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. ஓரத்துப் பாயிண்டுகளில் வைத்தால் சில நேரம் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, பிடிக்காமலே நின்றுவிடுகிறது. நடுவில் அப்படி ஆவதில்லை. என் கேமராவில் ஏதாவது கோளாறா?

வள்ளியூர் காற்றாலை | திங்கள், மதியம் 1.30

தங்கச்சி, கோளாறு இல்லை. உங்கள் 1500டியில் நடுப் பாயிண்ட் மட்டும்தான் கிராஸ் வகை. மற்ற எட்டும் கோட்டு வகை. இது ஏன் என்று புரிந்துவிட்டால் மேலே நடக்கும் வாதமும் பாதி தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம்முடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் பிரதான கண்ணாடியில் பட்டு மேலே வ்யூஃபைண்டருக்குப் போகிறது. ஆனால் அந்தக் கண்ணாடி முழுவதும் வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதில்லை. ஒரு பங்கு ஊடுருவிப் பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிப்பகுதியில் உள்ள போகஸ் சென்சருக்கு இறங்குகிறது. அங்கே லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து வந்த பிம்பத்தையும் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த பிம்பத்தையும் தனித்தனி வரிசைகளில் விழவைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால், லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே அளவில் தெரிந்துவிடும். அதனால்தான் இது வேகம்.

ஒரு வரிசை தனக்குக் குறுக்கே போகும் கோட்டைத்தான் காணும். தனக்கு இணையாகப் போகும் கோடு அதற்கு எங்கும் ஒரே மாதிரித் தெரியும், ஒப்பிட ஒன்றும் இருக்காது. கிராஸ் வகையில் நெடுக்கும் குறுக்கும் இரண்டு வரிசை இருப்பதால் எந்தத் திசைக் கோடானாலும் பிடிக்கும். கோட்டு வகைக்கு ஒரே திசைதான். ஓரப் பாயிண்டில் லென்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். அதே இடத்தில் சட்டென்று பிடித்துவிடும். பிடித்ததும் பாதி அமுக்கிய விரலை எடுக்காமல் நிமிர்த்திக்கொள்ளலாம்.

கோடே இல்லாத இடத்தில் எந்த வகையும் திணறும். சலவைக்குப் போட்டு வந்த வெள்ளை வேட்டியின் நடுவில் பாயிண்டை வைத்துவிட்டு லென்ஸைத் திட்டி என்ன செய்ய? வேட்டிக் கரையில் வையுங்கள். உச்சி வெயிலில் நிற்கும் கொக்கும் அப்படித்தான். உடம்பு வெறும் வெள்ளையாகத் தெரியும். அலகும் கண்ணும் சேரும் இடத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கேமராவில் எத்தனை பாயிண்ட் என்பதோடு, அதில் எத்தனை கிராஸ் என்பதையும் பார்க்க வேண்டும். டி7200-ல் 51-க்கு 15, நடுப்பகுதியில். 80டியில் 45-ம் கிராஸ், ஆனால் பொருத்தும் லென்ஸைப் பொறுத்து அந்த எண்ணிக்கை குறையலாம். டி500-ல் 153-க்கு 99.

அடுத்து பாளை அண்ணாச்சியின் பிரேம் நகர்த்தும் முறை. 50 எம்எம், எஃப்1.8, ஒரு மீட்டர் தூரத்தில் முகம் என்று வைத்துக்கொள்வோம். நடுப் பாயிண்டால் கண்ணைப் பிடித்துவிட்டு, கண் பிரேமின் மேற்பகுதிக்கு வரும்படி கேமராவை 10 டிகிரி திருப்புகிறீர்கள். போகஸ் தளம் கேமராவோடு சேர்ந்து திரும்பிவிடும். இப்போது அது கண்ணுக்குப் பின்னால் சுமார் 1.5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். தம்பியின் டி7200 போன்ற ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர் உள்ள கேமராவில் அந்தத் தூரத்தில், அந்தத் திறப்பில், கூர்மையாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்தே 2.7 சென்டிமீட்டர்தான். அதாவது கண் இருக்கும் முன்பக்கம் பாதி, 1.35. கண் போய்விட்டது, காது கிடைத்தது.

பாளை ஸ்டூடியோ | திங்கள், இரவு 8.50

கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கல்யாணத்தில் யார் எஃப்1.8-ல், ஒரு மீட்டரில் எடுக்கிறார்கள்? நான் எஃப்4, இரண்டு மூன்று மீட்டர். அங்கே உங்கள் 1.5 சென்டிமீட்டர் எந்த மூலைக்கு?

வள்ளியூர் காற்றாலை | திங்கள், இரவு 9.30

எஃப்4-ல் இரண்டு மீட்டரில் என்றால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி அண்ணாச்சி. அதே 10 டிகிரிக்கு விலகல் 3 சென்டிமீட்டர், ஆனால் ஆழம் மொத்தம் 24 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். உங்கள் முறையில் ஒரு குறையும் தெரியாது. கொக்கிரகுளம் தம்பி காதுகுத்துக்கு எந்தத் திறப்பில் எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

கொக்கிரகுளம் | திங்கள், இரவு 9.45

எஃப்1.8. பின்னணி மங்கலாக வரும் என்று ஆசைப்பட்டு வைத்தேன். தூரமும் ஒரு மீட்டர்தான் இருக்கும்.

பாளை ஸ்டூடியோ | திங்கள், இரவு 10.10

அப்படியென்றால் தம்பிக்கு நான் சொன்னது பொருந்தாது. அந்தத் திறப்பில் எடுப்பதானால் பாயிண்டையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். பிரேமை முதலில் கட்டிக்கொண்டு, பிள்ளை முகம் எங்கே வரும் என்று பார்த்து, பாயிண்டை அங்கே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். காதுகுத்தில் அதற்கு நேரம் உண்டு. ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்து, பிள்ளையின் காதில் மையால் பொட்டு வைத்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துத்தான் குத்துவார். இரண்டு கண்ணில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளை ஒரு இடத்தில் இருக்காது, குத்திய உடனே துள்ளும். ஏஎஃப்-எஸ் என்று காலையில் எழுதிவிட்டேன், யோசித்தால் அதற்கும் ஏஎஃப்-சிதான் சரி. நானே துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகளுக்கு சர்வோதான் போடுகிறேன், கேனானில் ஏஎஃப்-சிக்கு அதுதான் பெயர்.

சமாதானபுரம் | செவ்வாய், காலை 6.55

இவ்வளவு பாடு எதற்கு? உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினால் கண்ணைக் கண்டுபிடித்து அதுவே பிடிக்கிறது, பறவைக் கண்ணையும் பிடிக்கிறது. டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது.

நாங்குநேரி வாத்தியார் | செவ்வாய், மாலை 5.20

மிரர்லெஸ் நன்றாகத்தான் பிடிக்கிறது, ஐயமில்லை. நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். ஆனால் புதிய பாடியும் அதற்கான டெலி லென்ஸும் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது, இங்கே பலருக்கும் அப்படித்தான். பழைய டிஎஸ்எல்ஆர்கள் விலை இறங்கியதால்தான் தம்பி போன்றவர்கள் கையில் 500 எம்எம் வந்திருக்கிறது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. குளத்தின் நடுவில் கூட்டமாக இருக்கும் வாத்துகளில் சந்தேகமான ஒன்றை வீட்டுக்கு வந்து படத்தில் பெரிதாக்கித்தான் இனம் பிரிக்க முடியும். அதற்கு இந்தக் கேமராக்கள் தாராளமாகப் போதும், போகஸ் சரியாக விழுந்தால். அதனால்தான் இவ்வளவு பேசுகிறோம்.

டவுண் தேரடி | செவ்வாய், இரவு 9.00

நான் கேனான் 5டி மார்க் 3. பறவை எடுப்பதில்லை. ஆனித் தேரோட்டத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வாத்தியார் சார் சொன்ன அதே சிக்கல் அங்கே மனிதர்களால் வரும்.

வடம் பிடித்து இழுப்பவர்களில் ஒருவர் முகத்தை டெலியில் பிடித்து வைத்திருப்பேன். நரம்பு புடைத்து, வியர்வை வழிய, அப்படியொரு முகம். குறுக்கே ஒருவர் கையைத் தூக்குவார், விசிறி வரும், யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜோன், அதாவது பல பாயிண்டுகள் சேர்ந்த ஒரு பகுதி, வைத்திருந்தால் போகஸ் தண்ணீருக்கு ஓடிவிடும். சிங்கிள் பாயிண்ட் வைத்தால் ஆள் அசைந்து நழுவிவிடுவார். எனக்குச் சரியாக வந்தது நடுவில் ஒன்றும் சுற்றி நான்கும் சேரும் எக்ஸ்பான்ஷன். கூடவே சர்வோவில் கேஸ் 2. குறுக்கே ஏதாவது வந்தாலும் உடனே தாவாமல், பிடித்த ஆளிலேயே கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லும் செட்டிங் அது.

கொக்கிரகுளம், உங்கள் கேமராவில் இதற்குச் சமமானது கஸ்டம் மெனுவில் ஏ3, லாக்-ஆன். 1 முதல் 5 வரை இருக்கும். 5-க்குக் கொண்டுபோனால் நிறையப் பொறுக்கும். கிளைகளுக்கு நடுவே பறவை புகுந்து வரும்போது இது உதவும் என்று நினைக்கிறேன், சார்தான் சொல்ல வேண்டும்.

நாங்குநேரி வாத்தியார் | செவ்வாய், இரவு 9.40

உதவும். மரத்துக்குள் வரும் பறவைக்கு நான் 4 வைக்கிறேன். வெறும் வானத்தில் 3 போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. தொடக்கத்திலேயே போகஸ் கிளையில் விழுந்துவிட்டால், அதே பொறுமையோடு கிளையையும் விடாமல் பிடித்திருக்கும். அப்போது விரலை எடுத்துவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை, அமுக்கியபடியே பறவையைத் துரத்துகிறார்கள்.

அம்பை மழை | புதன், காலை 7.10

வள்ளியூர் அண்ணன் சொன்னபடி கேமராவைச் சாய்த்துப் பார்த்தேன். வீட்டு ஜன்னல் கம்பியில் ஓரப் பாயிண்ட் பிடிக்கவே இல்லை, சாய்த்ததும் பிடித்தது! இது தெரியாமல் ஒரு வருஷம் நடுப் பாயிண்டிலேயே இருந்திருக்கிறேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, பின்பக்க பட்டனில் போகஸ் செய்வது என்று படித்தேன், 1500டியில் முடியுமா? இரண்டு, ஆற்றில் பையன்கள் படித்துறையிலிருந்து குதிப்பதை எடுக்க ஆசை. 9 பாயிண்டில் எதை வைக்க?

பாளை ஸ்டூடியோ | புதன், மதியம் 2.20

பின்பக்க பட்டன் முடியும். கஸ்டம் பங்ஷனில் ஷட்டர், ஏஇ லாக் பட்டன் என்ற இடத்தில், போகஸை நட்சத்திரக் குறி போட்ட பட்டனுக்கு மாற்றிவிடலாம். அதன்பின் ஷட்டர் பட்டன் படம் மட்டும் எடுக்கும், போகஸைத் தொடாது. சர்வோவில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை அமுக்கியிருந்தால் தொடரும், எடுத்துவிட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். ஒரே செட்டிங்கில் இரண்டு வேலையும் நடக்கும். முதல் நாள் கை குழம்பும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: யாரிடமாவது கேமராவைக் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால் படம் போகஸ் இல்லாமல்தான் வரும், அவருக்கு அந்தப் பட்டன் தெரியாது.

குதிப்பதற்கு வருவோம். பையன் எங்கே குதிப்பான் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். படித்துறை விளிம்பில் நிற்கும்போதே நடுப் பாயிண்டால் அவன் மார்பைப் பிடித்து, கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்றால் அவன் கேமராவிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில்தான் குதிப்பான். எஃப்8 வைத்தால் மிச்சத்தை ஆழம் பார்த்துக்கொள்ளும். தொடரவே தேவையில்லை. உங்களை நோக்கிக் குதித்தால்தான் சர்வோ.

கொக்கிரகுளம் | புதன், இரவு 9.15

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் ஒரு சந்தேகம். 3டி என்று ஒன்று இருக்கிறதே, ஒரு தடவை பிடித்தால் பிரேமில் எங்கே போனாலும் பாயிண்டே பின்தொடருகிறது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை? அப்புறம், போகஸ் தவறுவது என் செட்டிங்காலா, லென்ஸாலா என்று எப்படி உறுதி செய்வது? பழசு வாங்கியதால் மனசு அடித்துக்கொள்கிறது.

நாங்குநேரி வாத்தியார் | புதன், இரவு 10.00

3டி நிறத்தைப் பார்த்துத் தொடர்கிறது. பொருளின் நிறமும் பின்னணியின் நிறமும் வேறாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். காய்ந்த புல்லில் நடக்கும் மயிலுக்கு வைத்துப் பாருங்கள், நீலக் கழுத்தை விடவே விடாது. வெளுத்த வானத்தில் வெளுத்த கூழைக்கடாவுக்கும், இலைக்குள் இருக்கும் கிளிக்கும் வைத்தால் ஏமாற்றிவிடும். நம் ஊர் நீர்ப்பறவைகளில் பாதி வெள்ளை அல்லது சாம்பல், அதனால்தான் நான் சொல்லவில்லை.

வள்ளியூர் காற்றாலை | புதன், இரவு 10.25

லென்ஸைச் சோதிப்பது எளிது. முக்காலியில் கேமராவை வையுங்கள். எழுத்துள்ள ஒரு அட்டையைக் கேமராவுக்கு நேர் எதிரே நிறுத்தி, பக்கத்திலேயே ஒரு அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். சிங்கிள் பாயிண்ட், ஏஎஃப்-எஸ், திறப்பு முழுவதும் திறந்திருக்கட்டும். அட்டையில் போகஸ் செய்து எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டுப் பத்துப் படம் எடுங்கள். அதையே பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வ்யூவிலும் எடுங்கள். லைவ் வ்யூ படச் சென்சரிலேயே பார்த்துப் போகஸ் செய்வதால் இந்தப் பிழை அதில் வராது. பத்தும் ஒரே பக்கம், ஒரே அளவு தவறினால் டி7200-ல் ஏஎஃப் ஃபைன் ட்யூன் இருக்கிறது, அதில் சரிசெய்யலாம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் ஃபைன் ட்யூனால் ஒன்றும் ஆகாது, பாயிண்ட் வைத்த இடத்தையோ கையையோதான் பார்க்க வேண்டும்.

வ்யூஃபைண்டரில் தெரியும் சதுரத்தை விட உண்மையான சென்சர் பகுதி கொஞ்சம் பெரியது என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணில் சதுரம் இருக்கிறது, ஆனால் சதுரத்தை ஒட்டி ஒரு சுள்ளி இருக்கிறது என்றால் சுள்ளி ஜெயிக்கலாம். கூட்டுக்குள் இருக்கும் பறவைக்கு அடிக்கடி இப்படி ஆகும். ஒரு அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்து நின்று, சுள்ளி இல்லாத வழியைத் தேடுவதுதான் அங்கே செட்டிங்.

அம்பை மழை | சனி, மாலை 6.30

குதிக்கும் படம் கிடைத்துவிட்டது! தலைகீழாக இருக்கிறான், முடியிலிருந்து தண்ணீர் வட்டமாகத் தெறிக்கிறது, கண்ணை இறுக்கி மூடியிருப்பது வரை தெரிகிறது. பாளை அண்ணன் சொன்ன மாதிரி விளிம்பிலேயே பிடித்துவிட்டு விரலை எடுத்துவிட்டேன். எஃப்8, 1/1000. பையனின் அம்மாவிடம் காட்டினேன், பிரிண்ட் வேண்டும் என்றார்கள்.

கொக்கிரகுளம் | அடுத்த ஞாயிறு, இரவு 8.40

லென்ஸ் சோதனையில் பத்துக்கு எட்டு ஒரே இடம், இரண்டு மட்டும் இம்மி விலகல். லென்ஸில் குற்றமில்லை. எல்லாம் என் ஆட்டோ ஏரியாதான்.

இன்று மறுபடி போகலாம் என்று கிளம்பி, கூந்தன்குளத்துக்குப் பதில் திருப்புடைமருதூர் போனேன். ஆற்றங்கரையில் கோயிலை ஒட்டி நிற்கும் மருத மரங்களில் கூடு. 2005-ல் நாட்டிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவித்த இடம் என்று தெரிந்துதான் போனேன், ஆனால் கோயில் வாசலில் நின்றபடியே நாரையைப் பார்க்க முடியும் என்று நினைக்கவில்லை. முதல் அரை மணி நேரம் கேமராவை எடுக்காமல், பறவைகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கே இறங்குகின்றன என்று மட்டும் பார்த்தேன். ஆற்றின் மேல் வரும்வரை பின்னால் வானம். கரையைத் தாண்டியதும் மரம். அந்தக் கரையை எல்லையாக வைத்துக்கொண்டேன். ஆற்றின் மேல் இருக்கும்போதே டைனமிக் 21-ல் பிடித்து, கரைக்கு வரும்போது 9. சக்கரத்தைத் திருப்பும்போது இரண்டு தடவை ஏஎஃப்-எஸ்-க்குப் போய்விட்டது, மூன்றாவது தடவை கை பழகிவிட்டது.

மொத்தம் 160 படம்தான் எடுத்தேன், 97 தேறியது. சங்குவளை நாரை ஒன்று வாயில் குச்சியோடு இறங்கும் தொடரில் 11-க்கு 9. கண்ணைச் சுற்றியுள்ள ஆரஞ்சு நிறத் தோல் சுருக்கம் தெரிகிறது. தவறிய இரண்டும் அது கிளைக்குப் பின்னால் போன நொடி. லாக்-ஆன் 3-ல் இருந்தது, 4-க்கு மாற்ற மறந்துவிட்டேன்.

வாத்தியார் சார், அடுத்த ஞாயிறு நீங்கள் கூந்தன்குளம் வருவதாக இருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், நானும் வந்துவிடுகிறேன். தங்கச்சியின் சின்ன மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. அதற்குள் கண்ணில் பாயிண்ட் வைக்கப் பழகிவிட வேண்டும்.

நாங்குநேரி வாத்தியார் | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

ஐந்தரைக்குக் குளத்துக் கரையில் இருப்பேன். பார்வைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று அலையடிக்கும், அதன்பின் எந்தப் பாயிண்ட் வைத்தாலும் தூரத்துப் பறவை கூர்மையாக வராது. தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள்.